கண்காட்சிக்குப் போகும் கறவை வெள்ளாடு

கேள்வி: எங்களிடம் ஆறு உருப்படி வெள்ளாடு இருக்கிறது. அதில் இரண்டாம் ஈத்து தலைச்சேரி ஒன்று, குட்டிகள் குடித்தது போக வீட்டுக்கும் பால் தருகிறது. அதைக் கண்காட்சிக்குக் கொண்டு போகலாம் என்கிறார் வீட்டுக்காரர். பெரிய பண்ணைக்காரர்களுக்கு நடுவில் எங்கள் ஆடு எடுபடுமா? எப்படித் தயார் செய்வது?
– வாசகி, ஜலகண்டாபுரம்

பதில்: தாராளமாக எடுபடும் அம்மா. கறவை ஆட்டில் நடுவர் தேடுவது மடியையும் காலையும்தான். ஆறு ஆடு வைத்திருப்பவர் ஒவ்வொன்றையும் தினமும் தொட்டுக் கறக்கிறார்; அந்தப் பழக்கம் களத்தில் தெரியும்.

பஞ்சாபில் பீட்டல் ஆடுகளுக்குக் கறவைப் போட்டியே நடக்கிறது. நம் பக்கம் அந்த வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. கால்நடைத் துறை நடத்தும் முகாம்களில் பரிசு பெரும்பாலும் கிடேரிக் கன்றுகளுக்குத்தான். வெள்ளாட்டுக்குப் பிரிவு உண்டா, பாலுக்கா கறிக்கா என்பதை உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்திலோ நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நம் மண்ணின் சேலம் கருப்பு கறிக்குப் பேர்போன இனம். கறவை ஆட்டையும் கறி ஆட்டையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் உங்கள் ஆட்டுக்கு நியாயம் கிடைக்காது.

சந்தையில் உயரத்தையும் காது நீளத்தையும் பார்த்து விலை சொல்வார்கள். கண்காட்சி நடுவரின் கணக்கு வேறு. அமெரிக்கப் பால் ஆட்டுச் சங்கத்தின் மதிப்பெண் பட்டியலில் ஈன்ற ஆட்டுக்கு 100-ல் 35 மடிக்கு மட்டும். முதுகு, கால், நடை எல்லாம் சேர்ந்த தோற்றத்துக்கு இன்னொரு 35. நம் களத்துக்கும் இது பொருந்தும் என்பது என் கருத்து. வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். முழுக்கக் கறந்த பின் மடி பிழிந்த துணி போலத் தளர்ந்து சுருங்க வேண்டும். கறந்தும் கெட்டியாகவே நின்றால் அதில் பாலைவிடச் சதைதான் அதிகம். காம்பு இரண்டும் ஒரே அளவில், கைக்கு அடங்க இருக்கட்டும். பின்னால் நின்று பார்த்தால், நடக்கும்போது மடி முழங்காலில் இடிக்கக் கூடாது.

மடி பெரிதாகத் தெரியட்டும் என்று முதல் நாள் மாலையே கறவையை நிறுத்துகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஆடு வலியில் காலை அகட்டி நிற்கும், மடிநோய்க்கும் வழி. முதல் நாள் மாலை வழக்கம்போலக் கறந்துவிடுங்கள், அது போதும். உடம்பு ஏறட்டும் என்று திடீரென்று சோறும் மக்காச்சோளமும் கொட்டுவது அதைவிட ஆபத்து. வயிறு புளித்து ஒரே நாளில் ஆடு சாய்ந்துவிடும். கடலைக்கொடி, அகத்தி, வேலிமசால் என்று தின்று பழகிய தீவனத்தையே அங்கேயும் கொண்டு போங்கள்.

குளம்பைப் பத்து நாள் முன்பே சீவுங்கள். கடைசி நேரத்தில் சீவி ரத்தம் பார்த்தால் நொண்டும். ஒரு மாதமாவது கழுத்துக் கயிற்றில் நடத்திப் பழக்குங்கள். வீட்டார் அல்லாத ஒருவர் மடியைத் தொட்டுப் பார்க்கவும் பழக்க வேண்டும், ஏனென்றால் நடுவர் தொடுவார். வயதைப் பல்லைப் பிடித்துத்தான் பார்ப்பார்கள். அதற்கும் வாயைத் திறந்து பழக்கிவிடுங்கள். எத்தனை பல், எத்தனையாவது ஈத்து, என்றைக்கு ஈன்றது, வேளைக்கு எவ்வளவு பால் என்று ஒரு நோட்டில் இன்றே எழுதத் தொடங்குங்கள். கேட்டால் தயங்காமல் சொல்ல வேண்டும். நிறைசினையாக இருந்தால் இந்த முறை விட்டுவிடுங்கள்.

ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி போடாமல் கிளம்பவே கூடாது. போட்டு மூன்று வாரமாவது ஆகியிருக்க வேண்டும். அப்போதுதான் எதிர்ப்புச் சக்தி பிடித்திருக்கும். வெயிலுக்கு முன் விடியற்காலையில் வண்டி ஏற்றுங்கள். அங்கே பொதுத் தொட்டியில் தண்ணீர் காட்டாமல் உங்கள் வாளியிலேயே வையுங்கள்.

திரும்பி வந்ததும் நேராகப் பட்டிக்குள் விட்டுவிடாதீர்கள். பரிசோடு வந்தாலும் மூன்று வாரம் தனியாகக் கட்டி, மற்ற ஐந்தையும் கறந்து முடித்த பிறகு இதைக் கறங்கள். குட்டிகளும் அதுவரை தாயோடு தனியாகவே இருக்கட்டும். கண்ணில், மூக்கில் நீர் வடிந்தாலோ, காய்ச்சலோ கழிச்சலோ கண்டாலோ அன்றைக்கே மருத்துவருக்குச் சொல்லிவிடுங்கள்.