ஜனவரியில் பிறந்தவன்தான் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரனா?

பள்ளி ஹாக்கி அணிக்கு ஆள் எடுக்கும் நாள். திடலில் முப்பது மாணவர்கள் நிற்கிறார்கள். பயிற்றுநருக்கு இரண்டு தற்காப்பு ஆட்டக்காரர்கள் தேவை. உயரமாக, அகன்ற தோளுடன் நிற்கும் ஒருவன் உடனே அவர் கண்ணில் படுகிறான். பக்கத்தில் நிற்பவன் ஒல்லி. பந்து எங்கே வரும் என்பதை முன்கூட்டியே அறிந்து நகர்கிறான். ஆனால், மோதலில் தடுமாறி விழுந்துவிடுகிறான். முதலாமவன் பெயர் பட்டியலில் ஏறுகிறது. இரண்டாமவன் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடக்கிறான். அடுத்த ஆண்டு அவன் தேர்வுக்கு வராமலே போகலாம்.

பினாங்கில் எந்தப் பள்ளித் திடலிலும் நடக்கக்கூடிய காட்சி இது. பயிற்றுநர் செய்தது சரியா? அவர் அளந்தது அந்த மாணவனின் திறனையா, வயதையா? மாணவர்களே, இந்தக் கேள்விக்கு விடை தேட நாம் வெயில் காயும் திடலைவிட்டுக் கொஞ்ச நேரம் பனிக்கட்டித் தளத்துக்குப் போக வேண்டும். ஏனென்றால், இதை முதலில் கூர்ந்து ஆராய்ந்தவர்கள் ஐஸ் ஹாக்கி ஆடும் கனடா நாட்டினர்.

தற்காப்பு ஆட்டக்காரரின் வேலை

ஐஸ் ஹாக்கியில் ஓர் அணிக்கு ஒரே நேரத்தில் ஆறு பேர் களத்தில் இருப்பார்கள்: ஒரு கோல் காவலர், மூன்று தாக்குதல் ஆட்டக்காரர்கள், இரண்டு தற்காப்பு ஆட்டக்காரர்கள். வட அமெரிக்க அரங்கின் நீளம் ஏறத்தாழ 61 மீட்டர், அகலம் 26 மீட்டர். பந்துக்குப் பதிலாக 'பக்' எனப்படும் கெட்டியான ரப்பர் வட்டு.

எதிரணி வீரர் வேகமாகச் சறுக்கி வரும்போது, தற்காப்பு ஆட்டக்காரர் அவரைப் பார்த்தபடியே பின்னோக்கிச் சறுக்க வேண்டும். இடைவெளி அதிகமானால் எதிரி கோலை நோக்கி அடித்துவிடுவார். குறைந்தால் பக்கவாட்டில் கடந்து போய்விடுவார். வட்டைக் கைப்பற்றியதும் நல்ல முதல் பாஸ் கொடுத்து ஆட்டத்தைத் திருப்ப வேண்டும். வலிமையோடு கணிப்பும் பொறுமையும் சேர்ந்தால்தான் இது முடியும். வலிமை பார்த்தவுடன் தெரிந்துவிடும். கணிப்பும் பொறுமையும் அப்படித் தெரிவதில்லை.

அரங்கில் பிறந்த கேள்வி

1980களின் தொடக்கம். கனடாவின் அல்பர்ட்டா மாகாணத்திலுள்ள லெத்பிரிட்ஜ் நகரில், உளவியல் அறிஞர் ரோஜர் பார்ன்ஸ்லி தம் குடும்பத்துடன் ஓர் ஐஸ் ஹாக்கி ஆட்டம் பார்க்கச் சென்றார். ஆட்டக்காரர் விவரங்கள் அச்சிட்ட ஏட்டை அவருடைய மனைவி போலா புரட்டினார். பிறந்த தேதிகளில் ஒரு விந்தை தென்பட்டது: ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களே திரும்பத் திரும்ப வந்தன.

பார்ன்ஸ்லியும் உடன் ஆய்வாளர்களும் மேலும் பல அணிகளின் பட்டியல்களை ஆராய்ந்து, 1985இல் முடிவை வெளியிட்டார்கள். உயர்நிலை இளையோர் அணிகளில் ஏறத்தாழ பத்துக்கு நால்வர் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள். கடைசி மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் பத்துக்கு ஒருவர் அளவே.

காரணம் மாதத்தில் இல்லை, வயதுப் பிரிவின் எல்லைக்கோட்டில் இருக்கிறது. கனடாவில் சிறுவர்களைப் பிறந்த ஆண்டின்படி பிரித்தார்கள். ஜனவரி 1 அன்று பிறந்தவனும் டிசம்பர் 31 அன்று பிறந்தவனும் ஒரே பிரிவு. இருவருக்கும் இடையே ஏறக்குறைய ஓராண்டு. எட்டு வயதில் ஓராண்டு என்பது வாழ்நாளில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 விழுக்காடு. ஜனவரிச் சிறுவன் சற்று உயரமாக, வேகமாக இருப்பான். அவனைத் தேர்ந்தெடுப்பார்கள். அவனுக்கு நல்ல பயிற்றுநர், கூடுதல் பயிற்சி, கூடுதல் ஆட்டங்கள் கிடைக்கும். சில ஆண்டுகளில் அவன் உண்மையிலேயே சிறந்தவனாகிவிடுவான். சிறிய வேறுபாடு தேர்வினால் பெரிய வேறுபாடாக வளர்கிறது. இதைச் 'சார்பு வயது விளைவு' என்கிறோம்.

இது ராசிபலன் இல்லை என்பதற்குச் சான்று உண்டு. பெல்ஜியம் நாட்டில் இளையோர் காற்பந்துப் பிரிவுகளின் எல்லை நாள் முன்பு ஆகஸ்ட் 1ஆக இருந்தது. 1997இல் அதை ஜனவரி 1க்கு மாற்றினார்கள். உடனே இளையோர் அணிகளில் ஆகஸ்ட் பிள்ளைகளின் ஆதிக்கம் குறைந்து, ஜனவரிப் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியது. குழந்தைகள் மாறவில்லை, கோடுதான் மாறியது.

நம் நாட்டிலும் முதலாம் ஆண்டில் சேர்வது முதல் பள்ளி விளையாட்டுப் பிரிவுகள் வரை பிறந்த ஆண்டையே பார்க்கிறார்கள். அப்படியென்றால் கனடாவின் கேள்வி நம்முடைய கேள்வியும்தான்.

உடலுக்குள் இன்னொரு கடிகாரம்

பிறந்த தேதியைச் சரிசெய்துவிட்டால் போதுமா? போதாது. ஒரே நாளில் பிறந்த இருவர்கூட ஒரே வேகத்தில் வளர்வதில்லை. பருவ வயதில் ஹார்மோன்களின் தூண்டுதலால் உயரம் திடீரென்று பாய்கிறது. அந்தப் பாய்ச்சலின் உச்சத்தை 'உச்ச வளர்ச்சி வேகம்' என்பார்கள். சராசரியாகப் பெண்களுக்கு ஏறத்தாழ 12 வயதிலும், ஆண்களுக்கு ஏறத்தாழ 14 வயதிலும் இது வரும். ஆனால் இது சராசரி மட்டுமே. சிலருக்கு ஓராண்டு, ஈராண்டு முன்னதாக வரும். சிலருக்கு அவ்வளவு பின்னதாக வரும். அதனால் ஒரே வகுப்பில் படிக்கும் இரு பதின்மூன்று வயதுப் பையன்களில், ஒருவன் உடலளவில் பதினைந்து வயதுக்காரனாகவும் மற்றவன் பதினொரு வயதுக்காரனாகவும் இருக்க முடியும்.

மருத்துவர்கள் இடது கையின் எக்ஸ்-ரே படத்தைப் பார்த்து 'எலும்பு வயதை' மதிப்பிடுவார்கள். எலும்பு முனைகளில் இருக்கும் குருத்தெலும்புத் தட்டுகள் எந்த அளவுக்கு எலும்பாக மாறியுள்ளன என்பதே அளவுகோல். பள்ளியில் அது வேண்டாம். ஒரு சுவரும் அளவுநாடாவும் போதும். மூன்று மாதத்தில் ஒருவன் 2.5 சென்டிமீட்டர் வளர்ந்தால், ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர் வேகம். அவன் பாய்ச்சலில் இருக்கிறான் எனலாம். ஆனால், ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். முதுகெலும்புத் தட்டுகள் நாள் முழுதும் அழுந்துவதால், காலையில் இருப்பதைவிட மாலையில் நாம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குட்டை.

பாய்ச்சல் நடக்கும் மாதங்களில் சிலருக்குக் கை கால்கள் தங்கள் சொல் கேட்காததுபோல் இருக்கும். நேற்று வரை சரியாகத் திரும்பியவன் இன்று தடுமாறுவான். அந்த நேரத்தில் அவனைப் பார்த்துத் 'திறமை போய்விட்டது' என்று முடிவெடுப்பது தவறு.

கோல் விழாததை எப்படி எண்ணுவது?

தாக்குதல் ஆட்டக்காரர் கோல் அடித்தால் எண்ணலாம். தற்காப்பு ஆட்டக்காரரின் சாதனை, நடக்காமல் போன ஒன்று. அதை எப்படி அளப்பது? ஐஸ் ஹாக்கியில் ஒரு பழைய கணக்கு உண்டு. ஒருவர் களத்தில் இருக்கும்போது தம் அணி கோல் அடித்தால் அவருக்குக் கூட்டல் ஒன்று. எதிரணி அடித்தால் கழித்தல் ஒன்று. பார்க்க எளிமையாக இருக்கிறது. ஆனால், இது நம்மை ஏமாற்றும்.

ஒரு கோல் காவலர் பத்து அடிகளில் ஒன்பதைத் தடுப்பவர் என்று வைத்துக்கொள்வோம். நம் தற்காப்பு ஆட்டக்காரர் களத்தில் இருக்கும்போது, சில ஆட்டங்களில் மொத்தம் 20 அடிகள் வருகின்றன. சராசரியாக 2 கோல் விழ வேண்டும். ஆனால் நிகழ்தகவுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு கோல்கூட விழாமல் இருக்கும் வாய்ப்பு 0.9ஐ இருபது முறை பெருக்கினால் கிடைப்பது: ஏறத்தாழ 0.12. நான்கு அல்லது அதற்கு மேல் விழும் வாய்ப்பு ஏறத்தாழ 0.13. அதாவது, ஒரே திறமையுள்ள நூறு பேரில் சுமார் பன்னிருவர் 'மதில்' என்று புகழப்படுவார்கள். சுமார் பதின்மூவர் 'ஓட்டை' என்று ஒதுக்கப்படுவார்கள். வேறுபாடு முழுவதும் தற்செயல்.

எனவே அரிதாக நடப்பதை எண்ணாமல் அடிக்கடி நடப்பதை எண்ண வேண்டும். எதிரணி நம் பகுதிக்குள் நுழைய எத்தனை முறை முயன்றது? அவற்றில் எத்தனையை இவர் தடுத்தார்? வட்டைப் பிடித்தபின் கொடுத்த முதல் பாஸ்களில் எத்தனை தம் அணியினரைச் சேர்ந்தன? ஓர் ஆட்டத்தில் சில கோல்கள்தான் விழும்; நுழைவு முயற்சிகளோ பல மடங்கு இருக்கும். எண்ணிக்கை கூடக்கூட தற்செயலின் பங்கு குறையும்.

53, 54, 56

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் ஆண்டுதோறும் அணிகள் வரிசை முறையில் இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும். பெரும்பாலோர் 18 வயதை ஒட்டியவர்கள். சுவீடனின் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரம் 1989இல் 53ஆம் இடத்தில் தேர்வானார். சுலோவாக்கியாவின் ஸ்டெனோ ஹாரா 1996இல் 56ஆம் இடம். கனடாவின் டங்கன் கீத் 2002இல் 54ஆம் இடம். ஒவ்வோர் ஆண்டும் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் அவர்களைவிடச் சிறந்தவர்கள் என்று நிபுணர்கள் கருதினார்கள்.

பிறகு நடந்தது என்ன? சிறந்த தற்காப்பு ஆட்டக்காரருக்கான நோரிஸ் விருதை லிட்ஸ்ட்ரம் ஏழு முறை பெற்றார். கீத் இரண்டு முறை, ஹாரா ஒரு முறை. ஹாராவின் உயரம் 206 சென்டிமீட்டர். அந்த உயரம்கூட அவரை முன்வரிசையில் தேர்வாக வைக்கவில்லை.

இங்கே எச்சரிக்கை தேவை. மூன்று பெயர்கள் சான்று ஆகா. பின்வரிசையில் தேர்வாகிக் காணாமல் போனவர்கள் பலர். அவர்களை நாம் நினைவில் வைத்திருப்பதில்லை. அதனால் முழுப் பட்டியலையும் பார்க்க வேண்டும். ராபர்ட் டீனரும் உடன் ஆய்வாளர்களும் அதைச் செய்தார்கள். கால் நூற்றாண்டுக்கும் மேலான தேர்வுகளில் கனடிய ஆட்டக்காரர்களை ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். ஆண்டின் பிற்பாதியில் பிறந்தவர்கள், அவர்களுடைய பிற்கால ஆட்டத்துக்குத் தகுந்த இடத்தைவிட 40 இடங்களுக்கும் மேல் பின்தங்கியே தேர்வாகியிருந்தார்கள். 400 ஆட்டங்கள் ஆடுவது போன்ற எல்லைகளைத் தொடும் வாய்ப்பு, ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர்களைவிட இவர்களுக்கு ஏறத்தாழ இருமடங்கு இருந்தது. பதினெட்டு வயதிலும் நிபுணர்களின் கண் ஏமாந்தது. பதின்மூன்று வயதில் நம் கண் ஏமாறாதா?

பிறந்த மாதம் தலைவிதியும் அன்று. ஜோர்ஜ் டவுன் மண்ணின் மகள் நிக்கோல் டேவிட் பிறந்தது 1983 ஆகஸ்ட் 26. ஆண்டின் பிற்பாதிதான். 2006 முதல் தொடர்ந்து 108 மாதங்கள் சுவர்ப்பந்து உலகத் தரவரிசையின் முதலிடத்தில் இருந்தார். சார்பு வயது விளைவு கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. தனி ஒருவரின் எதிர்காலத்தைச் சொல்வதில்லை.

செய்து பாருங்கள்

சோதனை 1: ஒரு பெட்டியில் பத்துச் சீட்டுகள் போடுங்கள், ஒன்றில் மட்டும் 'கோல்' என்று எழுதுங்கள். ஒன்றை எடுத்துப் பார்த்து, மீண்டும் உள்ளே போட்டுக் குலுக்குங்கள். இப்படி இருபது முறை. எத்தனை கோல்? வகுப்பில் எல்லாரும் செய்து, முடிவுகளைப் பட்டை வரைபடமாக வரையுங்கள். ஒரே பெட்டிதான்; முடிவுகள் எவ்வளவு வேறுபடுகின்றன!

சோதனை 2: மைகார்டு எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி என்பது உங்களுக்குத் தெரியும். எண்ணைக் கேட்க வேண்டாம். மாதத்தை மட்டும் கேளுங்கள். உங்கள் பள்ளி அணிகளில் இருப்பவர்களை ஆண்டின் நான்கு காலாண்டுகளாகப் பிரியுங்கள். பிறகு, அதே படிவத்தில் அணியில் இல்லாதவர்களையும் அப்படியே பிரித்து ஒப்பிடுங்கள். ஒப்பிடும் குழு இல்லாமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

சிந்தியுங்கள்: பதினொரு பேர் கொண்ட ஓர் அணியை மட்டும் எண்ணிவிட்டு முடிவு சொல்வது ஏன் தவறு? உங்களைப் பயிற்றுநராக அமர்த்தினால், ஒல்லியான அந்த மாணவனை எத்தனை ஆட்டங்களில் பார்த்தபின் முடிவெடுப்பீர்கள்?

நல்ல பயிற்றுநர் மூன்று கேள்விகள் கேட்பார். இவன் உடல் வளர்ச்சியில் எந்தப் படியில் இருக்கிறான்? மூன்று மாதத்துக்கு முன் இருந்த தன்னைவிட இவன் எதில் முன்னேறியிருக்கிறான்? நான் பார்த்தது போதுமான அளவா, ஒரே ஒரு மாலை நேரமா? மூன்றாவது கேள்விக்கு 'ஒரே ஒரு மாலை' என்று விடை வந்தால், பட்டியலை இன்னும் மூட வேண்டாம். பேருந்து நிறுத்தத்துக்கு நடந்துபோகும் அந்த மாணவனிடம் ஒரு சொல் போதும்: "தம்பி, அடுத்த வாரமும் வா."