மீனைக் கொன்றது நத்தையா?

நம் பள்ளி அறிவியல் அறையிலுள்ள கடல்நீர்த் தொட்டியை நீங்கள் அறிவீர்கள். சென்ற ஆண்டு ஒரு காலையில் அதனுள் மீனொன்று இறந்து கிடந்தது. நான்கைந்து சிறு நத்தைகள் அதனை மொய்த்திருந்தன. “ஐயா, நத்தைகள் மீனைக் கொன்றுவிட்டன!” என்று மாணவர் முறையிட்டனர். ஆராயாமல் நாமும் அவற்றை அகற்றச் செய்தோம். அடுத்த மாதம் இன்னொரு மீன் கல்லிடுக்கில் மடிந்து, எவர் கண்ணிலும் படாமல் அழுகியது. அழுகும் உடலிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு நீரில் கலக்கும். கடலில் அலை அதனை அடித்துச் செல்லும்; தொட்டியில் அதற்கு வழியேது? மேலும் இரு மீன்கள் மாண்டன. குற்றம் எம்முடையதே.

நாம் அகற்றியவை நாசாரியஸ் என்னும் நத்தைகள். இறந்தவற்றைத் தின்று நீரைத் தூய்மை செய்பவை. ஜொகூர் நீரிணையின் சேற்று மணலிலும் இவ்வினம் வாழ்கின்றது. ‘நாஸா’ என்பது இலத்தீனில் மீன்பிடிக்கும் பின்னற்கூடையைக் குறிக்கும். இவ்வினம் பலவற்றின் ஓட்டில் கூடைப் பின்னல் போன்ற வரிகள் உண்டு. ஆயினும் ஓட்டைவிட நடத்தையே நல்ல அடையாளம். உடல் மணலுள் புதைந்திருக்க, யானைத் துதிக்கை போன்ற குழல் மட்டும் வெளியே நீண்டிருக்கும். அதன்வழி நீரை இழுத்து நத்தை மணமறிகின்றது. இறால் துண்டொன்றை இட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் மணலைப் பிளந்துகொண்டு எழுந்து வரும்! கண்ணாடியில் ஒட்டிப் பாசி சுரண்டும் நத்தையோ இறாலைப் பொருட்படுத்தாது. தேங்காய்ப்பாலில் சமைக்கும் சிப்புட் செடுட்டும் அலையாத்திச் சேற்றிலுள்ள பாசியையும் மக்கிய பொருள்களையும் உண்பதே.

கொல்லும் நத்தைகளும் இல்லாமலில்லை. கடற்கரையில் கிடக்கும் சிப்பி ஓட்டில் துளைக்கருவி இட்டாற்போன்ற வட்டத்துளையைக் கண்டிருப்பீர்கள். அது பெரும்பாலும் உருண்டு வழுவழுப்பான ஓடுடைய நிலா நத்தையின் வேலை. அதுவும் மணலில் புதைந்தே வாழ்வதால் ஏமாந்துவிடலாகாது.

பவளப்பாறைக் கடலுக்குச் செல்லும் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டுகின்றோம். கூம்பு வடிவமும், நீளவாட்டில் ஒடுங்கிய பிளவு போன்ற வாயும் கொண்ட சங்கு எத்துணை அழகாயினும் பிள்ளைகள் தொடலாகாது. அது நஞ்சு தோய்ந்த பல்லை அம்புபோல் எய்வது. அவ்வினத்துள் சிலவற்றின் நஞ்சு மனிதரையும் கொன்றதுண்டு. அதற்கு முறிமருந்து இன்றளவும் இல்லை.

தொட்டியில் இப்பொழுது மூன்று நாசாரியஸ் உள்ளன. மீன் இறவாத நாட்களில் அவை பட்டினி கிடக்குமாதலால், ஐந்தாம் ஆண்டு மாணவர் வாரம் இருமுறை இறால் துண்டு இட்டு வருகின்றனர்.