மிலேத்துவில் விடப்பட்ட துரோப்பீமு

இந்த மாதம் துரோப்பீமு என்கிற ஊழியரைக் குறித்துத் தியானிப்போம். வேதத்தில் மூன்றே இடத்தில்தான் இவர் பெயர் வருகிறது. உங்கள் வேதாகமத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. பவுலோடு நடந்தவர் (அப். 20:4)

எபேசு பட்டணத்தார், புறஜாதியார். பவுலோடு எருசலேமுக்குப் புறப்பட்ட ஏழு பேரில் ஒருவர். வழியிலே துரோவாவில்தான் ஐத்திகு மாடியிலிருந்து விழுந்து, மரித்து, உயிரோடே எழுப்பப்பட்டான்.

2. பவுலினிமித்தம் ஆபத்தில் நின்றவர் (அப். 21:29)

பவுல் இவரைத் தேவாலயத்துக்குள் கூட்டிக்கொண்டு போனார் என்று எண்ணித்தான் யூதர் கலகம் பண்ணினார்கள். அந்நியன் உள்ளே கால் வைத்தால் மரணம்! அந்த எச்சரிப்பு கிரேக்கில் வெட்டப்பட்ட கல் 1871-ல் எருசலேமில் கண்டெடுக்கப்பட்டது. இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

3. வியாதியாய் விடப்பட்டவர் (2 தீமோ. 4:20)

கடைசி நிருபத்தில் பவுல் எழுதுகிறார்: துரோப்பீமு வியாதிப்பட்டிருந்ததால் மிலேத்துவில் விட்டுவந்தாராம். கவனியுங்கள்! துரோப்பீமுவின் சொந்த ஊராகிய எபேசுவில், பவுலின் உறுமால் பட்டே வியாதிகள் நீங்கினதே (அப். 19:12). அதே பவுல்தான், அதே கர்த்தர்தான். ஜெபிக்காமலா விட்டிருப்பார்? ஆனாலும் "அவனுக்கு விசுவாசம் பத்தாது", "மறைவான பாவம் இருக்கும்" என்று பவுல் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. சுகமில்லை என்கிற உண்மையை மட்டும் எழுதினார்.

நம்முடைய சபைகளில் என்ன நடக்கிறது? மாதக்கணக்கில் படுத்திருக்கிற சகோதரியைப் பார்க்கப் போகிறோம். ஜெபித்துவிட்டு, வாசலைத் தாண்டினதும், "ஏதோ காரணம் இருக்குது, இல்லாட்டி ஏன் இன்னும் சுகம் கிடைக்கலை?" என்று பேசிக்கொள்கிறோம். அது அந்தச் சகோதரி காதில் விழாமலா போகும்? வியாதியைவிட அந்தப் பேச்சுதான் அதிகமாய் வலிக்கும். யோபுவின் சிநேகிதரும் இதையே செய்தார்கள். கர்த்தர் அவர்கள்மேல் கோபங்கொண்டார் (யோபு 42:7).

இயேசு இன்றும் சுகமாக்குகிறார் என்று நான் முழு இருதயத்தோடு விசுவாசிக்கிறேன். யாக்கோபு 5:14-ன்படி எண்ணெய் பூசி ஜெபிக்கிறேன். வேளையோ கர்த்தருடையது. தாமதமானால் வியாதியஸ்தர்மேல் குற்றம் சாட்ட நமக்கு அதிகாரமில்லை.

பிரியமானவர்களே, இந்த வாரம் கூடுகைக்கு வரமுடியாமல் வீட்டில் கிடக்கிற ஒருவரைப் போய்ப் பாருங்கள். கொஞ்சம் கஞ்சி கொண்டுபோங்கள். பக்கத்தில் உட்கார்ந்து சங்கீதம் வாசியுங்கள். காரணம் கேட்காதேயுங்கள்.

வியாதிப்படுக்கையில் இதை வாசிக்கிறீர்களா? துரோப்பீமு படுத்திருந்தபோதும் ஊழியக்காரர்தான். நீங்களும் தள்ளப்பட்டவர்கள் அல்ல. கர்த்தர் உங்களைத் தொடுவாராக. ஆமென்.