பல்லைப் பார்த்து வாங்குவோம்

சந்தையில் மாடு வாங்கும் உழவர் அதன் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். விற்பவர் வயதைக் குறைத்துக் கூறினாலும் பல் உண்மையைக் காட்டிவிடும். பழைய கார் வாங்குவோருக்கும் இவ்வழக்கம் பொருந்தும்.

அளவான வருவாயில், நாள்தோறும் அலுவலகம் சென்றுவர ஒரு கார் வேண்டும். ஓட்டுவதும் இனிமையாக இருத்தல் வேண்டும். 2005 இல் இந்தியாவில் அறிமுகமான மாருதி ஸ்விஃப்ட் போன்ற சிறிய கார் இதற்கு ஏற்றது. அது நெரிசலில் எளிதாகத் திரும்பும். உதிரிப் பாகங்களும் எங்கும் கிடைக்கும்.

எனினும், பெயரை மட்டும் நம்பி வாங்கலாகாது. ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பு இதில் அடங்கியுள்ளது. மாணவர்களே, காரின் 'பற்கள்' எவை?

மீட்டர் குறைந்த தொலைவைக் காட்டியும் பிரேக் மிதியின் ரப்பர் மிகவும் தேய்ந்திருந்தால் ஐயம் கொள்ளுங்கள். குளிர்ந்திருக்கும் இயந்திரத்தை இயக்கச் சொல்லுங்கள். நீலப்புகை தொடர்ந்து வந்தால் உள்ளே எண்ணெய் எரிகிறது என்று பொருள். இருக்கைப் பட்டையை முழுவதும் இழுத்துப் பாருங்கள். சேற்றுக்கறை இருந்தால் வண்டி வெள்ளத்தில் மூழ்கியிருக்கலாம்.

பதிவுச் சான்றிதழிலுள்ள இயந்திர எண்ணும் அடிச்சட்ட எண்ணும் வண்டியில் பொறித்தவற்றோடு ஒத்திருத்தல் வேண்டும். வாங்கியவர் 30 நாள்களுக்குள் பெயர் மாற்றத்திற்கு விண்ணப்பித்தல் வேண்டும். வெளிமாநில வண்டியாயின், அம்மாநிலப் பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்றும் தேவை.

பயிற்சி

1. மீட்டரும் மிதியும் முரண்பட்டால் எதை நம்புவீர்கள்? ஏன்?
2. பழைய மிதிவண்டி ஒன்றை வாங்குமுன் பார்க்க வேண்டிய 'பற்கள்' ஐந்தினை எழுதுக.