தொடாமலே படம் எடுப்போம்!

ஆவடியில் உங்கள் வீட்டு மொட்டை மாடியில் காமிராவை முக்காலியில் பொருத்தி நிலவைப் படம் பிடிக்கிறீர்கள் எனக் கொள்வோம். பொத்தானை அழுத்தும் விரலே காமிராவை அசைத்துவிடும், படம் கலங்கும். தொடாமலே எடுப்பது எப்படி?

காமிராவை யூஎஸ்பி கம்பியால் கணிப்பொறியுடன் இணையுங்கள். இரண்டும் பேசிக்கொள்ளப் பொதுமொழி ஒன்று உண்டு; அதன் பெயர் பி.டி.பி. 'ஜிபோட்டோ 2' என்னும் இலவச மென்பொருள் அம்மொழியில் கட்டளை அனுப்பும். 'எடு' என்றதும் ஒளி, காமிராவின் உணர்வியில் விழுந்து மின்னூட்டமாகும். மின்னூட்டம் எண்களாகிக் கம்பி வழியே கணிப்பொறிக்கு வரும். எல்லாக் காமிராக்களும் இதற்குப் பணிவதில்லை. உங்களுடையது பணியுமா என முதலில் பாருங்கள்.

லடாக்கின் ஹான்லேயில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் இமாலய சந்திரா தொலைநோக்கி உள்ளது. 2000-ல் முதல் ஒளி கண்ட இதனையும் இதன் காமிராவையும் பெங்களூரு அருகே ஹொசகோட்டேயில் அமர்ந்தபடியே செயற்கைக்கோள் வழியாக இயக்குகிறார்கள்!

இனி ஒரு கணக்கு. பூமி சுழல்வதால் வானம் 4 நிமிடத்தில் 1 பாகை நகர்வதாகத் தோன்றும். நிலவின் அகலம் அரைப் பாகை. தன் அகலத்தைக் கடக்க அதற்கு 2 நிமிடம் ஆகும். ஆகவே, 4 நிமிடத்திற்கு ஒரு படம் எடுக்கும்படி கணிப்பொறிக்குச் சொல்லுங்கள். படங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால், இரு நிலவுகளுக்கு நடுவே ஒரு நிலவின் இடைவெளி இருக்கும்.

2028 டிசம்பர் 31 இரவு முழுச் சந்திர கிரகணம். வானம் தெளிவாக இருந்தால் ஆவடியிலும் காணலாம். அப்போது நிலவு மங்கிச் சிவக்கும். ஒளி விழும் நேரத்தைக் கூட்ட வேண்டும். கிரகணம் நமக்காகக் காத்திராது. பௌர்ணமிதோறும் பழகி வையுங்கள்!