கட்டளை வரியைத் திருத்தப் பழகுவோம்

மஃரிபுக்குப் பின் நடக்கும் நமது கணினி வகுப்பில் பிள்ளைகள் இப்போது லினக்ஸ் டெர்மினல் பழகுகிறார்கள். நீண்ட கட்டளையில் ஓர் எழுத்து தவறினாலும் முழுவதையும் அழித்து மறுபடி அடிக்கிறார்கள். அந்தச் சிரமம் தேவையில்லை.

பாஷ் நிரலில் நாம் அடிக்கும் வரியைக் கவனித்துக்கொள்வது ரீட்லைன் என்ற துணை நிரல். கன்ட்ரோலுடன் ஏ அழுத்தினால் வரியின் தொடக்கத்துக்கும், ஈ அழுத்தினால் முடிவுக்கும் போகலாம். டபிள்யூ முந்தைய சொல்லை அழிக்கும்; ஒய் அதை மீட்டுத் தரும்.

கன்ட்ரோல் ஆர் பழைய கட்டளைகளைத் தேடித் தரும். இதில்தான் கவனம் வேண்டும். சென்ற மாதம் ஒரு மாணவர், தேடி வந்த வரியைப் படிக்காமலே என்டர் தட்டிவிட்டார். அது முன்பு கோப்புகளை அழிக்கக் கொடுத்த ஆர்எம் கட்டளை. ஆர்எம் அழித்தது குப்பைத்தொட்டிக்குப் போவதில்லை. அவருடைய ஒரு வார வேலை போயிற்று. வரி கிடைத்ததும் முதலில் வலது அம்புக்குறியை அழுத்துங்கள். வரி ஓடாது, திருத்துவதற்காக நிற்கும். வேண்டாமென்றால் கன்ட்ரோல் ஜி.

விசைகளை மாற்ற விரும்புவோர், தம் ஹோம் கோப்புறையில் புள்ளி வைத்துத் தொடங்கும் இன்புட்ஆர்சி கோப்பில் எழுதவேண்டும். மேல் அம்புக்குறிக்கு ஹிஸ்டரி-சர்ச்-பேக்வர்ட் என்பதை இணைத்தால், முதல் சில எழுத்துகளை அடித்து அம்பை அழுத்தும்போது அப்படித் தொடங்கிய கட்டளைகள் மட்டுமே வரும். எங்களுக்கு மிகவும் பயன்பட்டது இதுவே. எழுதியபின் கன்ட்ரோல் எக்ஸ், கன்ட்ரோல் ஆர் அழுத்தினால் உடனே நடைமுறைக்கு வரும். வகுப்புக் கணினியில் அவரவர் கணக்கில் மட்டும் மாற்றுங்கள். அடுத்து அமர்பவர் குழம்பிவிடுவார்.