நீரிழிவும் நாள் கணக்கும்

நமது சங்கத்தின் கணக்கை ஆண்டுக்கொரு முறை தணிக்கையாளர் வந்து பார்வையிடுகிறார். ஆயினும் அதை நாள்தோறும் எழுதி வரவேண்டியவர்கள் நாமே. நீரிழிவு நோயும் அத்தகையதே. மருத்துவர் சில மாதங்களுக்கு ஒரு முறை நோயாளியைப் பார்க்கிறார். எஞ்சிய நாட்களில் அளவறிந்து உண்பதும், உழைப்பதும், மருந்தை மறவாது கொள்வதும் நோயாளியின் பொறுப்பேயாகும். ஆதலின் அவருக்கு மருந்தோடு கல்வியும் வேண்டும்.

இன்சுலின் மருந்து 1922-ஆம் ஆண்டு கனடா நாட்டின் டொரான்டோ நகரில் முதன்முதலாக ஒரு நீரிழிவு நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. உயிர் காக்கும் அம்மருந்து, அளவு மிகுந்தால் உயிருக்கே ஊறு செய்யும். எனவே அதைக் கையாளும் முறையை நோயாளியே கற்க வேண்டியதாயிற்று. போர்த்துகல் நாட்டின் மருத்துவர் எர்னெஸ்டோ ரோமா, 1926-இல் லிஸ்பன் நகரில் ஏழை நீரிழிவாளர்களுக்கென ஒரு சங்கத்தை நிறுவினார். அது மருந்து வழங்கியதோடு நில்லாது, நோயைத் தாமே கவனித்துக் கொள்ளும் வழியையும் அவர்களுக்குக் கற்பித்தது. கூட்டு முயற்சியின் பயனுக்கு இது நல்லதொரு சான்று.

முன்னாட்களில் சிறுநீரைப் பெனடிக்ட் கரைசலுடன் காய்ச்சி, நிறமாற்றத்தால் சர்க்கரையை ஒருவாறு மதிப்பிட்டனர். இன்றோ விரல் நுனியின் ஒரு துளி இரத்தத்தைக் கொண்டு, சிறு கருவி சில நொடிகளில் அளவைக் காட்டுகிறது. பெரும்பாலோர்க்கு உணவுக்கு முன் 80 முதல் 130 வரையிலும், உணவு தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து 180-க்குக் கீழும் இருத்தல் நன்று. முதியோர், கருவுற்ற பெண்கள் முதலியோர்க்கு இலக்கு வேறுபடும். அதை மருத்துவரே வரையறுப்பார்.

எண்ணை மட்டும் குறித்தல் போதாது. அன்று உண்டது யாது, செய்த வேலை யாது, மருந்து எவ்வளவு என்பவற்றையும் அருகே எழுதுதல் வேண்டும். அப்போதுதான் ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் காரணம் புலப்படும். மருத்துவரும் அக்குறிப்பைக் கொண்டு மருந்தைத் திருத்த இயலும்.

நடவு நாளில் வழக்கம்போல் இன்சுலின் போட்டுக்கொண்டு, உணவைத் தாழ்த்தி வயலில் உழைப்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும். வியர்வை, நடுக்கம், கடும்பசி, மனக்குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். அளவு 70-க்குக் கீழ் இருப்பின், 15 கிராம் சர்க்கரையை, அதாவது ஏறக்குறைய மூன்று சிறு கரண்டியை, நீரில் கரைத்து உடனே பருக வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். அளவு ஏறாவிடில் மறுமுறையும் பருக வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றலாகாது. தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். இம்முறையை வீட்டாரும், உடன் உழைப்போரும் அறிந்திருத்தல் அவசியம்.

நெடுநாள் மிகுந்து நிற்கும் சர்க்கரை கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கிறது. நரம்பு கெட்ட காலில் முள் தைத்தாலும் வலி தோன்றாது. புண் முற்றிக் காலையே இழந்தவர்கள் உண்டு. வயலில் வெறுங்காலுடன் நடப்போரும், குழித்தறியில் மிதி மிதிப்போரும் இரவுதோறும் தம் பாதங்களை விளக்கொளியில் நோக்குவார்களாக. அறுந்த இழையை அப்போதே முடிந்துவிடும் நெசவாளருக்கு, சிறு புண்ணை அன்றே கவனிக்கும் வழக்கம் அரிதன்று.

படிக்கத் தெரிந்த அங்கத்தினர்கள், நோயுற்ற அண்டை வீட்டாருக்கு இக்கணக்கை எழுதக் கற்பித்தால், அதுவும் கூட்டுறவுப் பணியேயாகும்.